பூசணி மார்க், மார்பளவு நாற்பத்திரண்டு

கண்ணு,

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லி முடித்துவிடுகிறேன்; அதைச் சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்லக் கூச்சம் இருக்காது. திருப்பூரில் பதினோரு வருஷம் சொந்தமாகப் பனியன் கம்பெனி நடத்தினேன் அல்லவா, அந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் என் கம்பெனிப் பனியனைப் போட்டதில்லை. போட்டதெல்லாம் அடுத்தவர் சரக்கு. அதையும் உள்ளூரில் வாங்கினால் கடைக்காரர் சிரிப்பார் என்று ஈரோட்டுக்கு பஸ் ஏறிப் போவேன். முன்பின் பார்க்காத ஒரு கடையில் நின்று, "மச்சானுக்குங்க, அவரும் என்னாட்டவே ஒல்லிதானுங்க" என்று யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லி, அரை டஜன் வாங்கி, மஞ்சள் பைக்குள் வெண்டைக்காய்க்கு அடியில் வைத்துக் கொண்டுவருவேன். சாராயம் கடத்துகிறவனுக்குக்கூட அவ்வளவு வியர்த்திருக்காது. காரணம் சின்னதுதான். அப்போது என் மார்பு முப்பத்திரண்டு அங்குலம். என் கம்பெனி செய்த பனியன் நாற்பத்திரண்டு மட்டும். அதைப் போட்டுக்கொண்டு நின்றால் பெரிய பந்தலுக்குள் ஒற்றை மூங்கில் நிற்பது போல இருக்கும்.

ஒரு தடவை மாட்டியும் கொண்டேன். காங்கேயத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ சாம்பார் வாளியை என் தோளில் சாய்த்துவிட்டார்கள். கிணற்றடியில் சட்டையைக் கழற்றி அலசிக்கொண்டிருந்தபோது, எண்ணெய் மில்காரர் ஒருவர் பின்னால் வந்து நின்றார். என் பனியனை விடாமல் வாங்குகிற நாலைந்து புண்ணியவான்களில் அவர் ஒருவர். என் பிடரியில் இருந்த லேபிளை எழுத்துக் கூட்டி வாசித்தார். "ஏனுங்க, இது உங்க மார்க் இல்லீங்களே?" என்றார். "அவிங்க எப்புடிப் பண்றாங்கன்னு போட்டுப் பாத்துக் கண்டுபுடிக்கறனுங்க" என்றேன். "எத்தன வருசமாங்க கண்டுபுடிக்கறீங்க? கழுத்தெல்லாம் நைஞ்சு போயிருக்குதே!" என்றார். அதே எண்ணெய் மில்காரர்தான் வருகிற ஆவணியில் உனக்கு மாமனார் ஆகப் போகிறவர். பெண் கேட்கப் போனபோது இந்தக் கதையைச் சபையில் சொல்லாமல் விட்டாரே, அதற்காகவே அவரை நான் பெரிய மனிதர் என்று சொல்லுவேன். ஆனால் உன் அம்மாவிடம் தனியாக ஒன்று சொல்லியிருக்கிறார்: "தம்பி வாத்தியார் வேலைல இருக்குதுன்னுதானுங்க தர்றேன். பனியன்காரருக்குன்னா, உங்க ஊட்டுக்காரரப் பாத்த பொறகு, எப்புடிங்க மனசு வரும்?"

அப்படி அவர் சொல்லி மூன்று வாரம்கூட ஆகவில்லை. போன வெள்ளிக்கிழமை நீ வேலை பார்க்கிற கொமரலிங்கத்திலிருந்து உன் கவர் வந்தது. பிரித்தால் இரண்டு காகிதம். ஒன்று, பள்ளிக்கூட வேலையை விடுவதாக நீ எழுதிய ராஜினாமா. கையெழுத்து மட்டும் போட்டு, தேதி போடாமல் விட்டிருக்கிறாய். இன்னொன்று எனக்கு: "அப்பா, படித்துப் பாருங்கள். சரி என்று பட்டால் தேதி போட்டுத் தபாலில் சேர்த்துவிடுங்கள். வேண்டாம் என்றால் கிழித்துவிடுங்கள். நான் கேள்வி கேட்க மாட்டேன். எனக்கு நம் ஷெட்டும் அந்த மெஷினும் வேண்டும்; துணியை வெட்டித் தைத்து எல்லா அளவும் செய்யலாம் என்று இருக்கிறேன். இபுராகிம் பாயைப் பார்த்தேன். 'அப்பா சம்மதம் இல்லாம அந்த மெஷினத் தொடமாட்டனுங்க தம்பி' என்றார்." கணக்கு வாத்தியார் என்பதால் எல்லாவற்றையும் ஒரு பக்கத்துக்குள் அடக்கிவிட்டாய். எனக்கு அது வராது. இடுப்பு வலிக்கிறது, எழுந்து நடந்து, மறுபடி உட்கார்ந்து, இரண்டு மூன்று நாளாக இதை எழுதுகிறேன். நீயும் ஒரே மூச்சில் படிக்க வேண்டியதில்லை.

நான் வேலையை விட்டது ஏன் என்று ஊரில் கேட்டால் பல கதை சொல்லுவார்கள். நானே பல கதை சொல்லி வைத்திருக்கிறேன். முதலாளியோடு கொள்கைச் சண்டை என்று உன் அப்புச்சியிடம் சொன்னேன். சுதந்திரமாக வாழ ஆசை என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அதுவும் வேலையை விட்டு நாலு நாள் கழித்து, அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். "நாலு நாளா காலைல சோத்துப் போசி தூக்கிட்டு எங்கீங்க போனீங்க?" என்று மட்டும் கேட்டாள். நொய்யல் ஓரம் சலவைப் பட்டறைகளில் துணி காய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல முடியுமா? உண்மையான காரணம் ஒரு பொட்டு. நான் பெரிய கம்பெனி ஒன்றில் பேக்கிங் மேஸ்திரி. பனியனை மடித்து அட்டைப் பெட்டியில் அடுக்கி அனுப்புவது என் பொறுப்பு. ஆயுத பூஜையன்று முதலாளி சந்தனமும் குங்குமமும் தட்டில் ஏந்தி வந்து, ஒவ்வொரு மெஷினுக்கும் தன் கையாலேயே பொட்டு வைப்பார். கத்திரிக்கோலுக்கு உண்டு, தராசுக்கு உண்டு, வாசல் பெருக்குகிற விளக்குமாற்றுக்குக்கூட உண்டு. அந்த வருஷம் நான் பொரிகடலை வாங்கப் போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தால், என் மேஜைக்கு மட்டும் பொட்டு இல்லை.

நீ சிரிப்பாய். சிரி. எனக்கு அப்போது முப்பது வயது, உனக்கு ஆறு. ஒன்பது வருஷம் நின்று உழைத்த மேஜை. மேலே, ஓரத்தில், பக்கவாட்டில், எங்கு தேடியும் ஒரு பொட்டு இல்லை. விளக்குமாறு நெற்றியில் குங்குமத்தோடு மூலையில் நின்று என்னைப் பார்த்தது. மறுநாள் முதலாளியிடம் போய், "நான் நின்னுக்கறனுங்க" என்றேன். அவர் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கி, "ஏனப்பா, ஒடம்புக்கு ஆகலியா?" என்றார். "சொந்தமா பண்ணலாம்னு இருக்கனுங்க" என்றேன். அந்த வாக்கியம் என் வாயில் வருகிற வரை அப்படி ஒரு எண்ணமே எனக்கு இருந்ததில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. ஒரு மனிதனின் பதினோரு வருஷம் முதலில் அவன் வாயிலிருந்து வந்துவிட்டது. மூளை பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடி வந்தது.

சொன்ன பிறகு செய்ய வேண்டுமே. மண்ணரையில் ஒரு ஷெட் பிடித்தேன். மெஷின் தேடினேன். உனக்குத் தெரியாததல்ல, ஆனாலும் சொல்கிறேன்: அன்றைக்கு நம் ஊரில் பனியன் துணி குழாய் போல வட்டமாகவே இறங்கும். மெஷினின் டயா, அதாவது அதன் வட்டம், எவ்வளவோ அவ்வளவுதான் பனியனின் உடம்பு. கழுத்தையும் கையையும் வெட்டி, அடியை மடித்துத் தைத்தால் முடிந்தது. பக்கத்தில் தையலே கிடையாது. அதனால் பெரிய கம்பெனிகளில் அளவுக்கு ஒன்றாகப் பல மெஷின் வைத்திருப்பார்கள். எனக்கு வாய்த்தது ஒன்றே ஒன்று. மூடிப்போன ஒரு கம்பெனியில் எல்லா மெஷினும் விற்றுப்போய், யாரும் சீண்டாமல் மூலையில் நின்ற நாற்பத்திரண்டு. அதைப் பார்க்க என்னோடு வந்தவர்தான் இபுராகிம் பாய். பழைய கம்பெனியில் ஃபிட்டராக இருந்தவர். காதை மெஷினில் வைத்தே எந்த ஊசி உடைந்திருக்கிறது என்று சொல்லுவார். மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்து, "மெஷின் தங்கமுங்க. ஆனா இந்த டயாவுக்கு ஆளுக்கு எங்கீங்க போறது? நம்மூர்ல எல்லாரும் வெறகுக் குச்சியாட்ட இருக்கறாங்களே!" என்றார்.

அங்கேதான் உன் அப்பனின் மேதைமை வெளிப்பட்டது. அந்த இடத்திலேயே நின்று ஒரு பிரசங்கம் செய்தேன். "பாய், நீங்க இன்னிக்கு இருக்கற ஒடம்பப் பாக்கறீங்க. நான் நாளைக்கு வரப்போற ஒடம்பப் பாக்கறனுங்க. அமராவதில அணை கட்டியாச்சு. கொமரலிங்கம் பக்கம் நெல்லு கொட்டப் போகுது. சனம் மூணு வேள சோறு திங்கும். திங்கறவன் தடிப்பான். தடிச்சவன் நாப்பத்திரண்டு கேப்பான். அப்ப நாம மட்டுந்தான் இருப்போம்" என்றேன். பாய் மெஷினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "கேக்கறதுக்கு நல்லா இருக்குதுங்க" என்று மட்டும் சொன்னார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு என்னோடு வந்தார் மனிதர். என் பிரசங்கத்தை நம்பி வரவில்லை, மெஷினை விட்டுப் போக மனமில்லாமல்தான் வந்தார் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் விளங்கியது. லேபிளுக்கு யானைப் படம் போட ஆசைப்பட்டேன். யானை, புலி, மயில், எல்லாவற்றையும் முன்னால் போனவர்கள் பிடித்துவிட்டிருந்தார்கள். பருமனுக்கு அடையாளமாக மிச்சம் இருந்தது பூசணிக்காய்தான். அச்சாகி வந்த லேபிளைப் பார்த்துவிட்டு உன் அம்மா, "திருஷ்டிக்குக் கட்டுனாப்பல இருக்குதுங்க" என்றாள். பிறகு அந்தப் பூசணிக்காயை ஆயிரக்கணக்கான கழுத்துகளில் தைத்தவளும் அவள்தான்.

முதல் ஆயுத பூஜைக்கு நான் செய்ததைக் கேள். பொட்டு இல்லாத மேஜைக்காக வேலையை விட்டவன் எப்படிப் பூஜை செய்திருப்பேன்! மெஷினுக்கு மாலை, தையல் மெஷினுக்குப் பொட்டு, மேஜைக்கு நாலு பக்கமும் பொட்டு, எண்ணெய்க் குப்பிக்குப் பொட்டு. நீ உன் சிலேட்டையும் கொண்டுவந்து நீட்டினாய். எல்லாம் முடிந்து நிமிர்ந்தால், இபுராகிம் பாய் தன் பச்சைத் தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். ஸ்பேனரும் ஊசியும் வைக்கிற பெட்டி. "ஏனுங்க, என்ர பெட்டி வேல செய்யலீங்களா?" என்றார். "இல்ல பாய், நீங்க தப்பா நெனச்சுக்குவீங்களோன்னு..." என்று இழுத்தேன். "எனக்கு வெக்க வேண்டாமுங்க. பெட்டிக்கு வெக்கலாம். அது காலைல இருந்து உங்க மெஷினோடதானுங்க மல்லுக்கட்டுது" என்றார். வைத்தேன். அவசரத்தில் கோணலாக விழுந்தது. அவர் அதைத் துடைக்கவே இல்லை. அடுத்த பூஜை வரை அப்படியே வைத்திருந்தார். எனக்கு வலித்த அதே இடத்தில் இன்னொருவரை இடித்துவிட்டு, அவர் சொல்லும் வரை எனக்குத் தெரியாமல் இருந்தது பார். முதலாளி ஆவது என்பது இவ்வளவு சீக்கிரம் நடந்துவிடுகிறது, கண்ணு. ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

தொழில் எப்படி நடந்தது என்று கேட்காதே. நடந்தது, அவ்வளவுதான். நான் ஊர் ஊராகப் போய் வயிறு பார்த்தேன். மற்ற வியாபாரிகள் கடை தேடிப் போவார்கள். நான் தொப்பை தேடிப் போனேன். அரிசி மில், எண்ணெய் மில், ஹோட்டல் கல்லாப்பெட்டி, நகைக்கடைத் திண்டு, இவைதான் என் மார்க்கெட். கல்யாணப் பந்தியில் எனக்கு எதிர்வரிசையில் யார் உட்கார்ந்தாலும் அவர்கள் இலையைப் பார்க்க மாட்டேன், பட்டனைப் பார்ப்பேன். முப்பத்தெட்டில் இருப்பவர் இரண்டாம் தடவை பாயசம் வாங்கினால் எனக்கு மனதுக்குள் மத்தாப்பு. உன் அம்மா ஒரு தடவை என் காலை மிதித்து, "அவரு வயித்தையே பாத்துட்டிருக்கீங்க. அவரு சம்சாரம் உங்களையே பாத்துட்டிருக்குது" என்றாள். வாங்கினவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். அதுதான் கேடு. இபுராகிம் பாய் ஓட்டிய துணி கிழியவே கிழியாது. உன் வருங்கால மாமனார் மூன்று வாங்கினார். மூன்றும் நாலு வருஷம் உழைத்தன. அடுத்த ஆர்டருக்கு நான் நாலு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்புறம் அரிசிப் பஞ்சம் வந்தது. உனக்கு நினைவிருக்கும், ரேஷன் கடை வரிசையில் பையோடு நின்றவன் நீதானே. சோளக் களியும் மக்காச்சோள மாவுமாக நாடே இளைத்தது. என் வாடிக்கைக்காரர்கள் என் கண் எதிரிலேயே கரைந்தார்கள். காங்கேயத்து எண்ணெய் மில்காரரே ஒரு நாள் வந்து, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டே, "முப்பத்தெட்டு இருக்குதுங்களா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்தது. ஜனங்கள் பசியோடு இருக்கிறார்கள் என்று அழுதேனா, நாற்பத்திரண்டு போகவில்லை என்று அழுதேனா என்று நீ கேட்டால், இரண்டாவதற்குத்தான் அழுதேன். இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. சொந்தத் தொழில் ஒரு ஆளை என்ன செய்யும் என்று நீ தெரிந்துகொள்வதற்காக எழுதுகிறேன். ஊருக்குப் பசிக்கிறதா என்று பார்க்கிற கண் போய், ஊர் இளைக்கிறதா என்று பார்க்கிற கண் வந்துவிட்டது எனக்கு.

இப்போது சொல்லப் போவதுதான் உன் கவர் வந்ததிலிருந்து என் நெஞ்சில் நிற்கிறது. பஞ்ச காலத்தில் ஒரு நாள் இபுராகிம் பாய் குழாய்த் துணியைப் பக்கவாட்டில் வெட்டி, உன் அம்மாவின் ஓவர்லாக் தையல் மெஷினில் இரண்டு பக்கமும் தையல் போட்டு, ஒரு பனியன் செய்தார். முப்பத்திரண்டு. எனக்கு அளவெடுக்காமல், என் முதுகைப் பார்த்தே வெட்டியிருக்கிறார். ஈரோட்டுப் பனியன் விஷயம் அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும் போலிருக்கிறது. என்னிடம் நீட்டி, "இப்புடி வெட்டித் தெச்சா எந்த அளவும் பண்ணலாமுங்க. மொதப் பனியன் உங்களுக்கு. மொதலாளி சொந்த மார்க் போடோணுமில்லீங்களா?" என்றார். அந்த நேரம் பார்த்து மதுரை வியாபாரி ஒருவர் ஷெட்டில் உட்கார்ந்திருந்தார். சரக்கு எடுப்பதா வேண்டாமா என்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். பனியன் என்றால் பக்கத் தையல் இருக்கக்கூடாது. இருந்தால் ஒட்டுப்போட்ட சரக்கு என்று அன்றைக்குக் கடையில் திருப்பி அனுப்புவார்கள். அவர் என்னைக் கேவலமாக நினைத்துவிடுவாரோ என்று பயந்து, அவர் சிரிக்கும் முன் நான் முந்திக்கொண்டேன். "ஏன் பாய், இது பனியனுங்களா, கோணிப்பைங்களா? மக்காச்சோளம் வாங்கப் போறப்ப எடுத்துட்டுப் போலாம்" என்றேன். வியாபாரி வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துவிட்டு ஒரு பெட்டிகூட எடுக்காமல் போனார்.

பாய் அந்தப் பனியனை மடித்து என் மேஜை மேல் வைத்தார். மறுநாள் காலையில் வந்து மெஷினுக்கு எண்ணெய் விட்டார். நூல் தூசியைத் துடைத்தார். ஒரு பழைய வேட்டியை எடுத்து அதன் மேல் போர்த்தினார். பச்சைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தையல் மெஷினில் இருந்த உன் அம்மாவிடம் மட்டும், "வர்றனுங்க அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். உன் அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "உங்களுக்கு மாருதானுங்க முப்பத்திரண்டு. வாயி நாப்பத்திரண்டு." நான் போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் திரும்பி வந்திருப்பார். மண்ணரையிலேயே இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. போகவில்லை. இன்று போகலாம், நாளை போகலாம் என்று இருந்தேன். பெட்டிக்குப் பொட்டு வைக்க மறந்ததை அன்றைக்கே சரிசெய்தவன், இதைச் சரிசெய்யவில்லை. ஏனென்றால் அது மறதி, இது நான். மெஷின் ஓட்ட வேறு ஆள் போட்டேன். அது அவர்களுக்குப் பணியவில்லை. ஊசிக்கு மேல் ஊசியாக உடைந்தது. ஒரு நாள் ஷெட்டைப் பூட்டினேன். இப்போது பார், ஊரே வெட்டித் தைக்கிறது. பம்பாய்க்காரர்கள் வந்து கலர் கேட்கிறார்கள், காலர் கேட்கிறார்கள். பக்கத் தையல் இல்லாத பனியனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நீ எனக்கு எழுதியிருக்கிற திட்டம் முழுக்க, பாய் அன்றைக்கு என் கையில் நீட்டிய அந்தப் பனியன்தான்.

ஷெட்டைப் பூட்டிவிட்டுப் பழைய கம்பெனிக்கே வேலை கேட்டுப் போனேன். இதுவரைக்கும் உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. உன் அம்மாவுக்கும் தெரியாது. முதலாளி மறு பேச்சில்லாமல் சேர்த்துக்கொண்டார். எனக்குப் பிறகு வந்தவர் புது மேஜை கேட்டு வாங்கிக்கொண்டதால், என் பழைய மேஜை குடோனில் கிடந்தது. அதை எடுத்துவந்து போட்டார்கள். இரண்டாம் நாள் பென்சில் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தால், முன்காலில், முழங்கால் உயரத்தில், காய்ந்து கறுத்த சந்தனத் தடம், நடுவில் குங்குமம். நான் அப்படியே குந்தியிருப்பதை முதலாளி பார்த்துவிட்டு, "அந்த வருசம் பூசைக்கு நீ தல வரைக்கும் அட்டப் பொட்டி அடுக்கி வெச்சிருந்தே. மேல ஏதப்பா எடம்? கால்லதான் வெச்சேன். நீ பாக்கலியா?" என்றார். "பாத்தனுங்க" என்றேன். பதினோரு வருஷம், கண்ணு. குனிந்து பார்க்காததற்கு.

அதனால் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆசையினால் விடுகிறாயா, கோபத்தினால் விடுகிறாயா? ஹெட்மாஸ்டர் ஏதாவது சொன்னாரா? எவனாவது உன்னை முந்திக்கொண்டு போனானா? அப்படி இருந்தால் முதலில் குனிந்து பார். இல்லை, நிஜமாகவே மெஷின் சத்தம் உன் காதில் கேட்டுக்கொண்டிருக்கிறது என்றால், அதற்கு நான் மருந்து சொல்ல முடியாது, என்னிடம் கிடையாது. ஆனால் உன் ராஜினாமாவை நான் தபாலில் போடப் போவதில்லை. கிழிக்கவும் மாட்டேன். இதோடு சேர்த்து உனக்கே அனுப்புகிறேன், ஷெட் சாவியோடு. தேதி நீ போடு. அதற்கு முன்னால் காங்கேயம் போ. உன் மாமனாரிடமும், முக்கியமாக அந்தப் பெண்ணிடமும், உன் வாயாலேயே சொல். கல்யாணம் நின்றாலும் பரவாயில்லை என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. அப்படி நின்றால் உன் அம்மா என்னைத்தான் பிடிப்பாள். ஆனாலும் போய்ச் சொல். நாலு நாள் போசியைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன். அந்த நாலு நாளை உன் அம்மா இன்னும் கணக்கில் வைத்திருக்கிறாள்.

பாய் கேட்ட சம்மதத்தை உன் கையில் கொடுத்து அனுப்புவது சரியில்லை என்று பட்டது. நேற்று நானே போனேன். அந்த முப்பத்திரண்டு பனியனை மஞ்சள் பைக்குள் வைத்து எடுத்துக்கொண்டேன். இந்த முறை மேலே வெண்டைக்காய் இல்லை. பாய் வாசலில் ஒரு ஊசிப் பலகையை வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தாடி முழுக்க வெளுத்துவிட்டது. "வாங்க" என்றார், முந்தாநாள் பிரிந்தவரைப் போல. பையிலிருந்து பனியனை எடுத்து நீட்டினேன். பக்கத் தையலை விரலால் தடவினார். "இத இன்னும் வெச்சிருக்கீங்களா? கோணிப்பைன்னு சொன்னீங்க." "சொன்னனுங்க பாய். தப்பு பண்ணிட்டனுங்க." "மக்காச்சோளம் வாங்கினீங்களா இதுல?" "இல்லீங்க." "பொறகு என்னங்க, சும்மா வெச்சுட்டு இருந்திருக்கீங்க!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. உன்னைப் பற்றிச் சொன்னேன். "தம்பி வரட்டும், வராமப் போகட்டுமுங்க. அந்த மெஷினு பாவம், நூலக் கண்டு எத்தன வருசமாச்சு. ஊசி பூராம் மாத்தோணும்" என்றார். கிளம்பும்போது பனியனை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "இது உங்களுக்குத் தெச்சதுங்க. மெஷின் ஓட்டற அன்னிக்குப் போட்டுட்டு வாங்க."

எனக்கு ரொம்ப அலுப்பாக இருக்கிறது, சாமி. இந்த வயதில் மறுபடி அந்தச் சத்தத்தைக் கேட்கத் தெம்பில்லை. ஜனங்கள் தடிப்பார்கள் என்று நம்பிக் கடை போட்ட முட்டாள் ஊரில் நான் ஒருவன்தான். அந்தக் கணக்கு முழுத் தப்பு என்பதை உனக்குப் புரிய வைக்கத்தான் இவ்வளவும் எழுதினேன். யாருடைய உடம்பையும் நம்பி நீ தொழில் தொடங்காதே.

இன்று காலையில் குளித்துவிட்டு, பாய் தைத்த பனியனைப் போட்டுப் பார்த்தேன். தலை நுழைந்தது, வயிறு நுழையவில்லை. உன் அம்மா பரணிலிருந்து பூசணி மார்க் ஒன்றை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தாள். நாற்பத்திரண்டு. அதைப் போட்டுக்கொண்டுதான் இந்தக் கடைசி வரியை எழுதுகிறேன். கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது.